மலையைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்: ஓட்டப் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போடியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் போடிப் பக்கத்துத் தமிழ்நாடு-கேரள எல்லை மலையில் 50 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வைக்கப் போவதாக நீங்கள் அனுப்பிய அறிவிப்பு சுற்றிச் சுற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. சந்தோஷம். நம் ஊர் மலையில் ஓடுவதற்குப் பணம் கட்டி ஆள் வருகிறார்கள் என்பதை என் அம்மா இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை. தகுதி என்ன கேட்கிறீர்கள் என்று பார்த்தேன். "முழு மராத்தான் ஒன்றை 5 மணி நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும்" என்று ஒரே வரி. கூடவே 16 வாரப் பயிற்சி அட்டவணை. முதல் வாரம் 30 கிலோமீட்டர், பத்தாவது வாரம் 70 கிலோமீட்டர் என்று கட்டம் கட்டமாக, நிறம் எல்லாம் கொடுத்து. அதில் ஏற்றம் என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. இறக்கம் என்ற சொல் எங்குமே இல்லை. அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரிய ஓட்டக்காரன் இல்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏலம் நடக்கும் நாள்களில் வீட்டுக்குப் போக ராத்திரியாகும், மற்ற நாள்களில் விடிந்ததும் ஓடுவேன். வயது 46. இதுவரை ஐந்து தடவை 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் நின்றிருக்கிறேன், நான்கை முடித்தேன். முடிக்காத அந்த முதல் ஓட்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தகுதி விதிப்படி பார்த்தால் அன்றைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மதுரையில் தார் ரோட்டில் 4 மணி 10 நிமிடத்தில் மராத்தான் முடித்துவிட்டு வந்தவன். இன்னும் 8 கிலோமீட்டர்தானே கூட, ஆறரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு போடிக்கு வந்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

கேரளப் பக்கம் தேயிலைச் சரிவு. ஏறும்போது ஒன்றுமே தெரியவில்லை, நாலைந்து பேரைத் தாண்டிக்கூடப் போனேன். 24ஆவது கிலோமீட்டரில் உச்சி. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஒரே இறக்கம். ஆஹா, இனி சும்மா உருண்டு போய்விடலாம் என்று காலை நீட்டி நீட்டி வைத்து, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்கினேன். கீழே வந்து சேர்ந்தபோது தொடை இரண்டும் என்னுடையதாக இல்லை. சமதரையில் நடக்கிறேன், முட்டி தானாக மடங்குகிறது. 38ஆவது கிலோமீட்டரில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா பாட்டிலில் இருந்த கட்டஞ்சாயாவை, அதாவது பால் இல்லாத டீயை, மூடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஏன் தம்பி, ஜீப்பு இருக்குல்ல, எதுக்கு ஓடி வாரீக?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாலு நாள் கடை மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். முதலாளி அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்.

என்ன நடந்தது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, உடம்பு முன்னால் விழாமல் இழுத்துப் பிடிக்கிறது. மாடியில் இருந்து மூட்டையைக் கீழே இறக்குகிறவன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டுப் பிடிப்பானே, அந்த வேலை. கயிறு கையைக் கிழிப்பது இழுக்கும்போது இல்லை, விடும்போதுதான். தசையிலும் அதேதான், நார்களில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. மூச்சு வாங்காது, நெஞ்சு அடிக்காது, அதனால் நமக்குத் தெரியவும் செய்யாது. வலி மறுநாள் வந்து அதற்கு மறுநாள் உச்சத்துக்குப் போகும். ஓட்டத்தின் நடுவிலேயே பலம் போய்விடுவதுதான் மோசம், ஏனென்றால் அதற்குப் பிறகு சமதரையும் ஓட முடியாது, அடுத்த ஏற்றமும் ஏற முடியாது.

இதில் ஒரு நல்ல சங்கதி உண்டு. ஒரு தடவை அளவாக அடிபட்ட தசை, அடுத்த தடவை அதே வேலைக்கு அவ்வளவாக நோகாது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். மராத்தான் நேரத்தைவிட, நெஞ்சுரத்தைவிட, மலை ஓட்டத்துக்குப் பெரிய மூலதனம் இதுதான் என்பது என் கட்சி. உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவையாவது இறக்கத்துக்கென்றே ஒரு நாள் வையுங்கள். முதலில் பத்து நிமிட இறக்கம், அதுவும் மெதுவாக, பிறகு இருபது, பிறகு போட்டியில் வரும் நீளமான இறக்கத்தில் பாதி அளவுக்காவது. கடைசிக் கடினமான இறக்கம் போட்டிக்கு இரண்டரை, மூன்று வாரம் முன்னால் முடிந்திருக்கட்டும். அதற்குப் பிறகு செய்தால் கிழிந்த தசையோடு வரிசையில் வந்து நிற்பார்கள்.

சென்னைக்காரர் மலைக்கு எங்கே போவார் என்று கேட்பீர்கள். மலை இல்லாதவர்கள் மாடிப்படியில் செய்யட்டும். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறி படியில் இறங்குங்கள், வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. மேம்பாலம் இருக்கிறது. பரங்கிமலைப் படி இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு அழகர்கோவிலில் இருந்து நூபுர கங்கைக்குப் போகும் மலைச்சாலை, திண்டுக்கல்காரர்களுக்குச் சிறுமலை, கோவைக்காரர்களுக்கு மருதமலை. போடி மெட்டுச் சாலையில் மட்டும் காலை நேரத்தில் பயிற்சி வேண்டாம் என்று உள்ளூர்க்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன். இடுக்கி எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பறக்கும் நேரம் அது, ஒவ்வொரு வளைவிலும் அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

எப்படி இறங்குவது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த ஓட்டப் பயிற்சியாளரும் இல்லை. அம்மாதான். சின்ன வயதில் தேவாரத்தில் இருந்து மெட்டுப் பாதையில் ஏறி எஸ்டேட் வேலைக்குப் போனவர், வாரக் கடைசியில் தலைச்சுமையோடு அதே பாதையில் இறங்கியவர். நான் மாடிப்படியில் தவழ்ந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எட்டுவச்சு இறங்குனா மலை ஒன்னைய ஏமாத்திரும்டா. பொட்டுப் பொட்டா வையி." அதாவது காலடி சின்னதாக, அடுத்தடுத்து வேகமாக, உடம்புக்கு நேர்கீழே விழ வேண்டும். முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும், அதனால் சாயக் கூடாது. கண் காலடியில் இல்லாமல் நாலைந்து எட்டு முன்னால் இருக்க வேண்டும். சுமை இருக்கிறவர்களுக்குத் தப்பாக வைக்க வழியில்லை, வைத்தால் மூட்டை முன்னால் போய்விடும். நமக்குச் சுமை இல்லாததால்தான் இந்தத் திமிர்.

இன்னொன்று. நீங்கள் டாப் ஸ்டேஷன் என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். மூணாறில் இருந்து 1902இல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டு, 1908இல் அதைச் சிறு ரயிலாக மாற்றி, தேயிலைப் பெட்டிகளை இங்கே கொண்டு வந்தார்கள். இங்கிருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் ரயில் அடித்துக்கொண்டு போனது, பெயர் மட்டும் மிச்சம். ஏற்றமும் இறக்கமுமான மலைமேல் ரயில் விட்ட வெள்ளைக்காரன், இந்த ஒரு சரிவில் மட்டும் தரையைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினான். உங்கள் பாதையில் 31 முதல் 40 கிலோமீட்டர் வரைக்கும் அந்தச் சரிவுதான்.

அடுத்தது நேரம். எங்கள் மலையில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். ரெண்டு மணி ஏத்தம், ஒரு மணி இறக்கம், இருட்டறதுக்குள்ள போயிரலாம், இப்படித்தான் பேச்சு. வெள்ளைக்காரனும் அதைத்தான் சொன்னான். நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குப் போட்டார்: சுமார் 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் போட்டி 50 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 2,400 மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். நடக்கிறவனுக்கு 10 மணியும் 4 மணியும், ஆக 14 மணி நேரம். ஓடுகிறவனுக்கு இது குறையும், சரி. நன்றாகப் பழகிய என்னைப் போன்ற ஆளுக்கே இந்த அளவு ஏற்றத்தில் 9 மணி 40 நிமிடம் ஆயிற்று. நீங்கள் வைத்திருக்கும் கட்-ஆஃப், அதாவது முடித்தே ஆக வேண்டிய நேரம், 9 மணி நேரம். 5 மணி நேர மராத்தான்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டு 9 மணி நேரத்தில் வெளியே வரச் சொல்வது, பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலையை எடுப்பது மாதிரி. தகுதியை இறுக்குங்கள், இல்லையென்றால் நேரத்தைத் தளர்த்துங்கள், இரண்டில் ஒன்று.

தகுதியாக என்ன கேட்கலாம் என்றால், மலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் காலில் நின்றிருக்கிறீர்களா, ஒரே நாளில் 1,000 மீட்டர் ஏறி இறங்கியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். அது ஓட்டமாக இருந்தாலும் சரி, வெள்ளியங்கிரி ஏறியதாக இருந்தாலும் சரி. வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்கி மறுநாள் வேலைக்குப் போன ஒரு பெரியவரைச் சமவெளியில் 4 மணி நேர மராத்தான் ஓடிய பையனைவிட நான் அதிகம் நம்புவேன். பயிற்சி அட்டவணையையும் அப்படியே மணியில் மாற்றுங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தில் ஆரம்பித்து ஒன்பது பத்துக்கு வரட்டும், அதில் பெரும்பகுதி பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்கட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை நாலு மணி நேரமும் மறுநாள் களைத்த காலோடு இரண்டரை மணி நேரமும். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடலாம். அப்போது அதிகமாக ஓடினால் பலம் எதுவும் ஏறாது, களைப்புதான் சேரும்.

அப்புறம் நடை. ஏற்றத்தில் நடப்பதை நம் ஆட்கள் அவமானமாக நினைக்கிறார்கள், போட்டோ எடுக்கும் இடத்தில் மட்டும் ஓடிக் காட்டுகிறார்கள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் 2003இல் தொடங்கிய மோன் பிளாங்க் ஓட்டத்தில், அதாவது 170 கிலோமீட்டருக்கு மேல் தூரமும் சுமார் 10,000 மீட்டர் ஏற்றமும் உள்ள அந்த ஓட்டத்தில், முதலில் வருகிறவர்களே செங்குத்தில் கையை முட்டியில் ஊன்றி நடக்கிறார்கள். செங்குத்தில் ஓடுவதற்கும் வேகமாக நடப்பதற்கும் நேரத்தில் வித்தியாசம் சொற்பம், செலவில் வித்தியாசம் அதிகம். நடையைப் பயிற்சியாகவே செய்ய வேண்டும், சும்மா வரும் என்று நினைக்கக் கூடாது. எனக்கு வரவில்லை, ஆறு மாதம் ஆயிற்று.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் உங்கள் அறிவிப்பு ஆபத்தாக இருக்கிறது. "தாகம் எடுக்காவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தயவு செய்து அதை எடுத்துவிடுங்கள். நாலு மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் வேர்வையில் போவதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும், ஆள் செத்தே போகலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், 13 சதவீதம் பேருக்கு உப்பு குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, போகும் இடமெல்லாம் குடித்து, கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். உப்பு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, குடிக்கிற தண்ணீர் அளவு மீறினால் மாத்திரை காப்பாற்றாது. தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் விடு. இதைத்தான் எழுத வேண்டும். மோதிரம் இறுகுகிறது, வாந்தி வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அந்த ஆளுக்கு இன்னும் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டாமல் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும் என்று வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் எய்ட் ஸ்டேஷனில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். காலேஜ் பிள்ளைகள், ஆர்வமாகக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாப்பாடு சுலபம், அதை நாம்தான் கடினமாக்குகிறோம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போய்ச் சேர்ந்தால் நல்லது, வயிறு பழகியவர்கள் 90 வரைக்கும் போகிறார்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குப் பக்கம் இருக்கிறது. ஏத்தன்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புப் போட்ட கஞ்சி, கருப்பட்டித் தண்ணீர், எல்லாம் ஆகும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதன் கிழிந்த முனையை மட்டும் பாதையில் போடாமல் பையில் வைக்கச் சொல்லுங்கள், அடுத்த நாள் பொறுக்குவது தோட்டத் தொழிலாளிதான். எதைச் சாப்பிட்டாலும் அதைப் பயிற்சியில் பத்துத் தடவையாவது ஓடிக்கொண்டே சாப்பிட்டிருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் 30ஆவது கிலோமீட்டரில் முதல் முறையாகத் தயிர்சாதம் சாப்பிட்டுப் பார்த்தார். விவரம் வேண்டாம்.

வலி மாத்திரை பற்றி ஒரு வரிகூட உங்கள் அறிவிப்பில் இல்லை, ஆனால் கிளம்பும் இடத்தில் நான் பார்த்த வரையில் பாதிப் பேர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஒரு ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சிறுநீரகத்தில் பாதிப்பின் அறிகுறி இருந்தது. ஏற்கெனவே நீர் குறைந்து, கிழிந்த தசையில் இருந்து வரும் கழிவை வடிகட்டத் திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் அடி. ஓட்டம் முடிந்து சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் யார் கவனிப்பது? 1974இல் அமெரிக்காவில் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் தானே ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் 100 மைல் ஓட்டங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அந்தக் குதிரைப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் கால்நடை மருத்துவர் குதிரையின் நாடித் துடிப்பையும் நடையையும் பார்த்து, சரியாக இருந்தால்தான் மேலே விடுவார். குதிரைக்கு இருக்கும் அந்தச் சலுகை மனுசனுக்கும் வேண்டும். 30ஆவது கிலோமீட்டரில் ஒரு டாக்டரோ நர்ஸோ நிற்கட்டும், அந்த இறக்கத்துக்கு முன்னால். பெயர் கேட்கட்டும், என்ன கிழமை என்று கேட்கட்டும், பத்தடி நடக்கச் சொல்லிப் பார்க்கட்டும். நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கட்டும். பணம் கட்டியிருக்கிறேன் என்று சண்டை போடுவார்கள், போடட்டும்.

குளிர். "நம் ஊர் மலையில் என்ன பெரிய குளிர்" என்று உங்களில் ஒருவர் போனில் என்னிடம் சொன்னார். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. கிளம்பியபோது வெயில். மலைமேல் போனதும் ஆலங்கட்டி, மழை, காற்று. 172 பேர் ஓடியதில் 21 பேர் செத்தார்கள். பலபேர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான், காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயம் என்று சொல்லப்படவில்லை. அங்கே ஒரு ஆட்டுக்காரர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுபோய்த் தீ மூட்டிக் காப்பாற்றினார். நம்முடைய எல்லையில் இன்னொரு சிக்கல் உண்டு, போடியில் நின்று மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருப்போம். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளோடு 70 பேர் மண்ணுக்குள் போனபோது, சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்களே என்று போடியில் அழுதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்த நேரத்திலும் எங்கள் தெருவில் தூசிதான் பறந்தது.

அதனால் மேல்சட்டை, மினுமினுக்கும் அந்தச் சூட்டுப் போர்வை, விசில், தலைவிளக்கு, சார்ஜ் உள்ள போன், ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பை, இவை கட்டாயம் என்று எழுதினால் போதாது, கிளம்பும்போது பையைத் திறந்து பார்க்க வேண்டும். இல்லாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் வருடம் பத்துப் பேர் திட்டுவார்கள், இரண்டாம் வருடம் எல்லாரும் கொண்டு வருவார்கள்.

மாதத்தையும் மாற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மார்ச் மூன்றாம் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி, அதுவும் ஞாயிறுதான், குரங்கணி மலையில் தீப் பிடித்தபோது நான் கடைவாசலில் நின்று புகையைப் பார்த்தேன். 23 பேர் செத்தார்கள். மலைமேல் நடக்க வந்த பிள்ளைகள், பாதி வழியில் காய்ந்த புல்லுக்குள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதி வந்தது, காட்டுக்குள் வழிகாட்டியும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் போகக் கூடாது என்று ஆயிற்று. பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதை எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், எவ்வளவு பயிற்சி எடுத்தவனும் ஏற்றத்தில் அதை முந்த முடியாது. டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல மாதம். குளிரும், ஆனால் அதற்குத்தான் மேல்சட்டை.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்புவதும் வேண்டாம். சின்னக்கானல் பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் 200 பேரை ஓடவிடுவதாகத் திட்டம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை அங்கிருந்துதான் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு பக்கம் கொண்டுபோய் விட்டார்கள், ஒரு மாதத்தில் கம்பம் தெருவில் வந்து நின்றான். அவன் இப்போது இந்தப் பக்கம் இல்லை, மற்ற யானைகள் எல்லாம் இருக்கின்றன. தோட்டக்காரர்களே வெளிச்சம் வராமல் வெளியே வர மாட்டார்கள். ஆறரை மணிக்குக் கிளப்புங்கள், அதற்கேற்பக் கட்-ஆஃப் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிகிற மாதிரி தூரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் குறையுங்கள். 42 கிலோமீட்டர் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் 50 என்ற எண் மேல் உங்களுக்கு என்ன அவ்வளவு பாசம் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

கடைசியாக, எல்லையில் போன் எந்த டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே வளைவில் இந்தப் பக்கம் திரும்பினால் தமிழ்நாடு, அந்தப் பக்கம் திரும்பினால் கேரளா. அடிபட்டவர் 108 அடித்துவிட்டு எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்கக் கூடாது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் (பிப்) பின்பக்கம் உங்கள் அவசர எண்ணையும், ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் அந்த இடத்துக்கு ஜீப் வரும் வழி எது என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். வழியில் நிற்க வெளியூரில் இருந்து ஆள் கூட்டி வராதீர்கள், லயனில் இருக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து நிறுத்துங்கள். எந்த ஓடை எப்போது பெருகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கட்டஞ்சாயா கொடுத்த அக்காவுக்கு நான் எந்த நிலைமையில் இருக்கிறேன் என்பது என் வாட்சைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது.

இதெல்லாம் அதிகப்பிரசங்கம் என்று தோன்றினால் ஒன்று செய்யுங்கள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழுவில் நாலு பேர் வாருங்கள். அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் நான் ஏற்பாடு செய்கிறேன். டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஜீப்பிலேயே போய்விடலாம், ஏற்றமே வேண்டாம். மேலே டீ என் செலவு. அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலை ஊர் வழியாகக் குரங்கணிக்கு, இறக்கம் மட்டும், உங்கள் இஷ்டப்படி ஓடி வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் போன் செய்வேன், மாடியில் இருந்தால் கீழே இறங்கி வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
போடியில் இருந்து ஓர் ஏலக்காய்க் கடைக் கணக்குப்பிள்ளை